ரேங்க்கைக் கையால் போடுங்கள்: தீசிஸ் வைவாவுக்கு நான்பாராமெட்ரிக் டெஸ்ட் படித்த விதம்

எம்.எஸ்ஸி நர்சிங் கடைசி ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். சூடு ஆறுவதற்குள் ஜூனியர்களுக்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தியரி பேப்பர்களைப் பற்றி எழுதப்போவதில்லை, அதற்கு சீனியர் நோட்ஸ் போதும். என்னைக் கரையேற்றிய விஷயம் ஒன்றுதான்: மான்-விட்னி கணக்கை மென்பொருள் இல்லாமல் காகிதத்தில் போட்டுப் பழகியது. மதிப்புகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசை எண்களை (ரேங்க்) வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடும் டெஸ்ட் அது. தரவு மணி வடிவ ‘நார்மல்’ பரவலில் இருக்க வேண்டும் என்று கேட்காததால் நான்பாராமெட்ரிக் வகை.

நம் தீசிஸ்களில் பாதிக்கு மேல் ஒரே அமைப்புதான். ஒரு பரிசோதனைக் குழு, ஒரு கட்டுப்பாட்டுக் குழு, 0 முதல் 10 வரை வலி மதிப்பெண். டேட்டாவை ஸ்டாட்டிஸ்டிஷியனிடம் கொடுத்து அவுட்புட் வாங்கிக்கொள்கிறோம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அந்த அட்டவணையைக் காட்டி “இது எப்படி வந்தது?” என்று கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது. என் வைவாவிலும் கேட்டார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் (எக்ஸ்டர்னல்) ஒரு தாளை நீட்டி, ஐந்து ஐந்து பேருக்கு மதிப்பெண் எழுதிக் கொடுத்து, “யூ கண்டுபிடிம்மா” என்றார். யூ என்பது மான்-விட்னி கணக்கின் விடை எண்.

அதே மாதிரி ஒரு கணக்கை இங்கே போடுகிறேன். இசை கேட்ட குழு: 2, 3, 3, 4, 5. கேட்காத குழு: 4, 6, 6, 7, 8. பத்தையும் ஒன்றாகச் சேர்த்துச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 2-க்கு ரேங்க் 1. இரண்டு 3-களும் 2, 3 ஆகிய இடங்களைப் பிடிக்கின்றன, அதனால் ஆளுக்கு 2.5. இரண்டு 4-களுக்கும் 4.5. அப்புறம் 5-க்கு 6, இரண்டு 6-களுக்கு 7.5, 7-க்கு 9, 8-க்கு 10. முதல் குழுவின் ரேங்க் கூட்டல் 16.5, இரண்டாவதன் கூட்டல் 38.5.

இங்கே நிறுத்துங்கள். அடுத்த வரிக்குப் போகக் கூடாது. இரண்டையும் கூட்டினால் 55. பத்து பேர் என்றால் 10-ஐ 11-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க வேண்டும், அதுவும் 55. சரியாக இருக்கிறது. இந்தக் கூட்டல் ஒத்துப்போகவில்லை என்றால் சமமான மதிப்புகளுக்கு ரேங்க் பிரித்த இடத்தில்தான் பெரும்பாலும் தப்பு இருக்கும். அடுத்து ஒவ்வொரு கூட்டலிலிருந்தும் 15-ஐக் கழியுங்கள் (5 பெருக்கல் 6, வகுத்தல் 2). யூ மதிப்புகள் 1.5, 23.5. இரண்டும் சேர்ந்து 25 வருகிறதா? 5 பெருக்கல் 5, வருகிறது. இப்படி இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகு கை நடுங்காது. சிறிய யூ-வான 1.5-ஐ அட்டவணையில் பாருங்கள். ஐந்துக்கு ஐந்து, இருபக்கச் சோதனை (எந்தக் குழு அதிகம் என்று முன்கூட்டியே சொல்லாதது), 5 சதவீத மட்டம் என்றால் எல்லை மதிப்பு 2. நம்முடையது அதைவிடக் குறைவு, ஆகவே வேறுபாடு இருக்கிறது, அதாவது சிக்னிஃபிகன்ட். சராசரிகளை ஒப்பிடும் டி டெஸ்ட் பழக்கத்தில் ‘பெரிதாக இருந்தால்தான் சிக்னிஃபிகன்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். இங்கே அது தலைகீழ்.

நான் கையால் செய்தால்தான் புரியும் ரகம். சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதுபவர்களுக்கு இது நேர விரயமாகத் தோன்றலாம். இருந்தாலும் நாலைந்து கணக்காவது போட்டுப் பாருங்கள், அதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

எந்த டெஸ்ட் என்பதற்கு நான் சுவரில் ஒட்டி வைத்திருந்தது:

- வெவ்வேறு ஆட்கள், இரண்டு குழு: மான்-விட்னி
- அதே ஆட்கள், முன்னும் பின்னும்: வில்காக்ஸன் சைன்டு ரேங்க்
- வெவ்வேறு ஆட்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழு: க்ரஸ்கல்-வாலிஸ்
- அதே ஆட்கள், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை அளந்தது: ஃப்ரீட்மன்

‘அதே ஆட்களா, வேறு ஆட்களா’ என்பதை முதலில் கேளுங்கள். நார்மாலிட்டி (தரவு நார்மல் பரவலா) பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான்.

“ஏன் டி டெஸ்ட் போடவில்லை?” என்ற கேள்வி நிச்சயம் வரும். “நார்மல் இல்லை” என்று மட்டும் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். வலி மதிப்பெண் ஒரு வரிசை அளவு, 2-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளி 7-க்கும் 8-க்கும் உள்ளதற்குச் சமம் என்று சொல்ல முடியாது, குழுவும் சிறியது என்று சொல்லுங்கள். தரவு நார்மலா என்று பார்க்கும் ஷபிரோ-வில்க் டெஸ்டின் முடிவை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். ஆட்கள் குறைவாக இருந்தால் அந்த டெஸ்டுக்கே விலகலைப் பிடிக்கும் சக்தி குறைவு.

“அப்படியானால் இந்த டெஸ்டுகள் பலவீனமானவை இல்லையா?” என்று அடுத்து வரும். இதற்கு ஒரு எண் கையில் இருக்கட்டும். தரவு உண்மையிலேயே நார்மலாக இருந்தாலும், பெரிய மாதிரிகளில், டி டெஸ்டோடு ஒப்பிட்டால் மான்-விட்னியின் திறன் சுமார் 95 சதவீதம். இழப்பு அவ்வளவுதான். ஓரத்தில் விலகி நிற்கும் மதிப்புகள் இருந்தால் பல நேரம் மான்-விட்னியே முந்திவிடும்.

ஆனால் மிகச் சிறிய குழுக்களில் கதை வேறு. மூன்றுக்கு மூன்று பேர் என்றால் ரேங்குகளைப் பிரிக்க மொத்தம் 20 வழிகள்தான். ஒரு குழு முழுவதும் கீழே, மற்றது முழுவதும் மேலே இருந்தாலும் இருபக்க பி மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வேறுபாடு வர உள்ள வாய்ப்பு) 0.1. அதாவது 0.05-க்குக் கீழே போகவே வழியில்லை. வில்காக்ஸனில் ஐந்து ஜோடி என்றாலும் இதே நிலைதான், குறைந்தபட்சம் 0.0625. பைலட் ஸ்டடியில் (முன்னோட்ட ஆய்வில்) நாலைந்து பேரை வைத்து ‘வேறுபாடு இல்லை’ என்று எழுதுபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

மீதி, சுருக்கமாக:

- அட்டவணையில் சராசரியும் எஸ்.டி-யும் (திட்ட விலக்கம்) மட்டும் போட்டுவிட்டுக் கீழே மான்-விட்னி எழுதாதீர்கள். மீடியனும் (நடு மதிப்பு) கால்மான வீச்சும் (நடுவில் உள்ள 50 சதவீத மதிப்புகளின் பரப்பு) போடுங்கள்.
- ‘மீடியன்கள் வேறுபடுகின்றன’ என்று முடிவு எழுத, இரண்டு குழுவின் பரவலும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஒரு குழுவில் மதிப்புகள் பொதுவாக அதிகம்’ என்பதோடு நிறுத்துங்கள்.
- க்ரஸ்கல்-வாலிஸ் சிக்னிஃபிகன்ட் என்றால் எந்த இரண்டு குழு வேறுபடுகிறது என்று தெரியாது. அதற்கு, குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் டன் டெஸ்ட். மூன்று குழு என்றால் மூன்று ஜோடியையும் ஒப்பிட்டு பான்ஃபெரோனி திருத்தம் (0.05-ஐ ஒப்பீடுகளின் எண்ணிக்கையால் வகுப்பது) போட்டால் எல்லை 0.0167.
- வில்காக்ஸனின் வழக்கமான முறையில் முன்னும் பின்னும் மாற்றமே இல்லாதவர்களை நீக்கிவிட்டுத்தான் ரேங்க் போட வேண்டும். எத்தனை பேரை நீக்கினீர்கள் என்று எழுதுங்கள்.
- விளைவின் அளவைக் கேட்டால், மென்பொருள் அவுட்புட்டில் வரும் இசட் மதிப்பை மொத்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்துச் சொல்லுங்கள்.
- சிறிய குழு என்றால் எஸ்பிஎஸ்எஸ் (புள்ளியியல் மென்பொருள்) தரும் தோராய பி மதிப்பை விட்டுவிட்டு எக்ஸாக்ட் என்று இருக்கும் வரியைப் பாருங்கள்.

வரலாறும் ஒரு கேள்வியாக வந்தது. வில்காக்ஸன் வேதியியலாளர், 1945-இல் ஒரே கட்டுரையில், தனித்தனிக் குழுக்களுக்கு ஒன்று, ஜோடிகளுக்கு ஒன்று என இரண்டு ரேங்க் சோதனைகளையும் தந்தார். மானும் விட்னியும் 1947, க்ரஸ்கலும் வாலிஸும் 1952. ஃப்ரீட்மன் டெஸ்ட் 1937, பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கிய அதே மில்டன் ஃப்ரீட்மன்தான். இவ்வளவு தெரிந்தால் போதும், அந்த நேரத்தில் இன்னும் இரண்டு கணக்கு போடுங்கள்.