நகத்தளவுப் படத்தில் ஒரு கணவாய்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்தின் புனலூர் வரை வாழும் தமிழர்களின் பேச்சைப் பதிவுசெய்யும் எங்கள் பாட்காஸ்டுக்கு முகப்புப் படம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆப்பிளின் பாட்காஸ்ட் தளம் 1400 முதல் 3000 பிக்சல் வரையிலான சதுரப் படத்தைக் கேட்டாலும், கேட்பவர் அதைக் கைப்பேசியில் நகத்தளவில்தான் பார்க்கிறார் என்பதால், அவ்வழியில் உள்ள கழுதுருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலத்தை முழுதாக வரைந்தால் அது சீப்பின் பற்களைப் போலத்தான் தெரியும். ஆகவே மூன்று வளைவுகளே போதும் என்று நிறுத்திக்கொண்டேன். எழுத்துருவுக்குத்தான் அதிக நேரம் சென்றது. ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகள் தடித்த எழுத்தில் அடைபட்டு மைப்பொட்டாகிவிடுவதால், சுழி அகன்ற, நடுத்தரத் தடிமனுள்ள எழுத்துருவைத் தேர்ந்தேன். நிறங்கள் கருங்கல் சாம்பலும் சாரல் நனைத்த பச்சையும். மைக் படமும் வேண்டும் என்று நண்பர் வற்புறுத்தினார். ஊரெல்லாம் வைக்கும் மைக் நமக்கெதற்கு? மலையாளத்தில் பெயரைச் சேர்க்க முகப்பில் இடமில்லாததால், அதை ஒவ்வோர் அத்தியாயத்தின் படத்திலும் சேர்க்கிறோம்.