இரண்டு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய், ஒரு உருண்டை மெழுகு இலவசம்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, திருவலஞ்சுழியில் இறங்கி, சுவாமிமலைக்கு ஆட்டோ கேட்டேன். இருநூறு ரூபாய். "ரோடு வேலை நடக்குதும்மா, சுத்திப் போவணும்" என்றார். எங்கேயும் சுற்றவில்லை. ஒரு சினிமாப் பாட்டு முடிவதற்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டார். திரும்பும்போது அதே வழியில் நடந்தே வந்தேன், பொடிநடையாக, வாயில் ஒரு கடலை மிட்டாயோடு. நடக்கிற தூரம்தான்!

இரண்டு நாள், மூவாயிரம் ரூபாய், அதற்குள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கைவேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு செலவுக் கணக்கை வரிசையாக எழுதுவதாகத் திட்டம். தங்கல் சித்தி வீட்டில், அதனால் லாட்ஜ் செலவு பூஜ்ஜியம். கணக்கு அந்த வரியோடு நின்றுவிட்டது.

காரணம் சுவாமிமலையில் நுழைந்த, உலோகச் சிலை வார்க்கும் ஒரு பட்டறை. சும்மா எட்டிப் பார்த்தேன். "உள்ள வாங்கம்மா, வெயில்ல ஏன் நிக்கிறீங்க" என்று ஒரு பெரியவர் பலகையை நகர்த்திப் போட்டார். மடியில் ஒரு மெழுகுக் கை. நடராஜருடைய கை, தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு சாண்கூட இல்லை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அந்த மெழுகு பார்க்கக் கருப்பட்டி மாதிரி இருக்கிறது. அதைக் கிள்ளி, தண்ணீர் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாலு உருட்டு உருட்டினார். விரல் வந்துவிட்டது. நகமும், மடிப்பும், லேசான வளைவும்கூட. சூடுகாட்டிய இரும்புக் கம்பியால் அதைக் கையோடு ஒட்டினார். அளவுக்குப் பக்கத்தில் கிடந்தது டேப் இல்லை, மடித்து மடித்துக் குறி போட்ட ஒரு ஓலை நறுக்கு.

இப்படிச் செய்த மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லியதாகப் பூசி, நிழலில் காயவைத்து, மறுபடி பூசி, கம்பி கட்டி, வறட்டித் தீயில் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடத்தில் உருக்கிய உலோகம் போய் உட்காரும். அப்புறம் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான். இவ்வளவு நுணுக்கமாக உருட்டிய விரல் தீயில் போகப்போகிறது என்று தெரிந்தே உருட்டுகிறார்! நான் ஆபீசில் ஒரு எக்செல் ஷீட் அழிந்ததற்கே அரைநாள் அழுதிருக்கிறேன்.

உள்ளங்கை அளவு பிள்ளையார் ஒன்றின் விலையைக் கேட்டேன். பையின் ஜிப்பை மெதுவாக மூடிக்கொண்டேன். பெரியவர் சிரித்தார். எலுமிச்சம்பழ அளவு மெழுகைக் கையில் வைத்து, "வீட்டுல உருட்டிப் பாருங்க" என்றார். காசு வாங்கவில்லை.

அந்தக் குஷியில் தாராசுரத்துக்கு பஸ்ஸில் போனேன். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருப்பது. அங்கே யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. இந்தப் பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை. தும்பிக்கை எங்கே முடிந்து கொம்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மூன்று வருடமாக நோட்டில் ஒரு கோடு இழுக்காதவள், தரையில் சம்மணம் போட்டு முக்கால் மணி நேரம் வரைந்தேன். வந்தது பன்றி மாதிரி இருந்தது. பரவாயில்லை.

ராத்திரி சித்தி இட்லிக்குக் கடப்பா செய்திருந்தாள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயோடு கசகசாவும் சோம்பும் அரைத்து விட்டது. கும்பகோணத்துக்காரர்கள் சாம்பாரை ஏன் மதிப்பதில்லை என்பது ஒன்பதாவது இட்லியில் புரிந்தது.

மறுநாள் தஞ்சாவூர். பெரிய கோயிலைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் தலையாட்டி பொம்மைக்கு வருகிறேன். முதல் கடையில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு நீட்டியது முழுக்க பிளாஸ்டிக். கேட்டால் "எல்லாம் தஞ்சாவூர் பொம்மைதாங்க" என்று பதில். இல்லைங்க. காகிதக் கூழ், மரவள்ளிக்கிழங்கு மாவு, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம், அடியில் கனம். மேலே லேசு, அடியில் கனம் என்பதால்தான் எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருகிறது. கையில் தூக்கிப் பாருங்கள், சுண்டிப் பாருங்கள், தெரிந்துவிடும். நாலு கடை தள்ளி, புருவம் ஒன்று மேலேறிப்போன ராணி நூற்றெண்பதுக்குக் கிடைத்தாள். "கோணலா இருக்கே, வேற தரவா" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றேன். அந்தப் புருவத்துக்காகத்தான் வாங்கினேன். பெரிய கோயிலை வெள்ளை வெளேரென்று நெட்டியில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். குளத்தில் வளரும் செடியின் தண்டு அது. பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் கட்டும் நெட்டி மாலை அதே தண்டுதான். பெட்டி விலை என் பட்ஜெட்டைத் தாண்டியது. மாலை என்றால் பத்து வாங்கலாம், ஆனால் மாடு இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஏசி இல்லை, ஜன்னல் திறக்கவில்லை. பைக்குள் மெழுகு இளகி, நோட்டில் என் யானைக்காளையின் மேல் ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்துவிட்டேன். இப்போது அது ஆபீஸ் மேசையில், ராணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜிஎஸ்டி தளம் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரமெல்லாம் உருட்டுகிறேன். நேற்று ஆறாவது முயற்சியில் ஒரு சுண்டுவிரல் வந்தது. சித்திக்குப் போட்டோ அனுப்பினேன்.

"வெண்டைக்காயா?" என்று கேட்டிருக்கிறாள்.