5.6 விநாடி இருந்தும் கார் ஏன் நிற்கவில்லை?

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. அவர் இறந்துபோனார். இருட்டில் ஆள் தெரிந்திருக்காது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே ரேடார் அவரைப் பிடித்துவிட்டது என்கிறது, அமெரிக்காவில் போக்குவரத்து விபத்துகளை ஆராயும் அரசு அமைப்பான என்டிஎஸ்பியின் விசாரணை அறிக்கை. வேகம் மணிக்குச் சுமார் 70 கி.மீ. அழுத்திப் பிரேக் போட்டால் 30 மீட்டருக்குள் நின்றிருக்கும். இருந்த தூரமோ 100 மீட்டருக்கு மேல்.

கோளாறு மென்பொருளில். அவரை ஒருமுறை வாகனம் என்றது, இன்னொருமுறை ஏதோ ஒரு பொருள், பிறகு சைக்கிள். வகையை மாற்றும்போதெல்லாம், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது. ஆகவே அவர் எந்தப் பக்கம் போகிறார் என்பதை அதனால் கணிக்க முடியவில்லை. கிராசிங் இல்லாத இடத்திலும் ஆள் குறுக்கே வரலாம் என்ற எண்ணத்துக்கு அந்த நிரலில் இடமே இல்லை.

மோதல் உறுதி என்று தெரிந்தபோது மிச்சம் 1.2 விநாடி. அப்போதும் பிரேக் விழவில்லை. தவறான எச்சரிக்கைக்கெல்லாம் வண்டி சடாரென நிற்கக் கூடாது என்று, ஆபத்தைக் கண்டதும் 1 விநாடி சும்மா இருக்கும்படி வடிவமைத்திருந்தார்கள். அந்த 1 விநாடியில், தேவைப்பட்டால் காரைக் கையில் எடுக்க ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளரை உஷார்ப்படுத்த ஒரு பீப் சத்தம்கூடக் கிடையாது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். சோதனைக்கு எடுத்தது வால்வோ கார்; அதோடு வந்த, தானாகவே விழும் அவசரப் பிரேக்கையும் தானியங்கி ஓட்டத்தில் அணைத்து வைத்திருந்தார்கள். காருக்கு இருவராக இருந்த கண்காணிப்பாளர்களை 2017-இல் ஒருவராக்கியதும் அதே நிறுவனம்தான்.

அந்த ஒருவரின் கண் சாலையில் இல்லை, கைபேசியில் இருந்தது என்கிறது அறிக்கை. தவறுதான். 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தார்கள். நிறுவனத்தின்மீது குற்ற வழக்குப் போட முகாந்திரம் இல்லை என்று 2019-லேயே அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார். தடுப்பு ஒன்றை அணைத்தால், அணைக்கச் சொன்னது யார், எதற்காக, அதற்கு ஈடாக வைத்தது என்ன என்ற மூன்றும் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். அப்படி இருந்தால்தான் விசாரணை இருக்கையைத் தாண்டி மேலே போகும்.

விபத்துக்குப் பிறகு ஊபர் அந்த 1 விநாடியை நீக்கியது, வால்வோ பிரேக்கை இயங்கவிட்டது, இரண்டாவது ஆளைத் திரும்ப உட்காரவைத்தது.