ஒட்டு தெரியாத லூப்: ஏழாவது வாரம்

நேற்று இரவு என் கிட்டார் லூப்பரில் (வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கால் பெடல்) ஒரு லூப் சரியாக விழுந்தது. ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று), 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 அடி). ஒரு காதில் மெட்ரோனோம், இன்னொரு காதில் ஆம்ப். பன்னிரண்டு சுற்று போன பிறகுதான் இரண்டும் லேசாகப் பிரிய ஆரம்பித்தன. ஏழு வாரமாக மந்தைவெளி வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து நான் தேடியது இதைத்தான். அந்த சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பாஸ் ஆர்சி-1 லூப்பர். அதில் தாளப்பெட்டி கிடையாது, நாம் தப்பாக அழுத்தினால் இழுத்துச் சரிசெய்யும் வசதியும் கிடையாது. காலால் இரண்டு முறை அழுத்துகிறோம், நடுவில் இருக்கும் நேரம்தான் லூப். நம் ஊர் வாசிப்புக்கு இது வரம் என்றே நினைக்கிறேன். நாலு நாலாக எண்ணும் கருவியோடு மல்லுக்கட்டாமல் ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ர சாபு தாளத்தைக்கூட வைக்கலாம். ஆனால் கணக்கு முழுக்க நம் பாதத்தில் இருக்கிறது.

ஆரம்பத்தில் என் லூப் எல்லாமே சமத்துக்கு, அதாவது தாளச் சுற்றின் முதல் அடிக்கு, வரும்போது தடுக்கும். மிருதங்கம் வாசிக்கும் நண்பன் முதல் நாளே சொல்லிவிட்டான்: "டேய், சமத்துக்கு வரதுக்கு முன்னாடி உன் லூப் ஒரு மூச்சு விடுதுடா." தனியாகக் கேட்டால் அந்த மூச்சு சின்னதுதான். கூட ஒருவர் நிதானமாக வாசிக்கும்போதுதான் விபரீதம் புரியும். 80 பிபிஎம்மில் ஒரு அட்சரம் (தாளத்தின் ஒரு அடி) 750 மில்லி செகண்ட், எட்டு அட்சரம் 6 செகண்ட். சுற்றுக்கு 70 மில்லி செகண்ட் கூடினால், பத்து சுற்றில் 700. கிட்டத்தட்ட ஒரு அட்சரமே தள்ளிப் போயிருக்கும். நடுவில் யாருடைய தாளமும் தப்பாமலே இருவரும் வேறு வேறு இடத்தில் நிற்போம்.

மூன்று வாரம் "இன்னும் சீக்கிரம் அழுத்து" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பலன் இல்லை. அப்புறம் போனைப் பெடல் பக்கத்தில் தரையிலேயே வைத்து, கால் படும் சத்தம், மெட்ரோனோம், கிட்டார் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கேதான் விஷயம் புரிந்தது. முதல் அழுத்து 10 மில்லி செகண்ட் முன்னால். இரண்டாவது 60 பின்னால். இருபது பதிவில் பெரும்பாலும் இதே கதை.

அதாவது, தாமதம் மட்டும் குற்றவாளி இல்லை. இரண்டு அழுத்தும் ஒரே அளவு தாமதமாக விழுந்திருந்தால் லூப்பின் நீளம் சரியாகவே இருக்கும். முதல் அழுத்தின்போது நான் சும்மா காத்திருந்தேன். இரண்டாவதின்போது கை கார்ட் மாற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வேறு மனநிலை, இரண்டு வேறு கால்.

அதனால் இப்போது முதல் ஆவர்த்தனத்தைப் பதிவே செய்வதில்லை. வாசித்துக்கொண்டே வந்து, இரண்டாவது சுற்றின் சமத்தில் முதல் அழுத்து. மூன்றாவது சுற்றின் சமத்தில் இரண்டாவது அழுத்து. அப்போதும் நிறுத்தாமல் அதே பகுதியை இன்னும் கொஞ்சம் வாசிப்பது. இரண்டு முறையும் கை ஒரே கார்டில் விழுகிறது, காலும் ஒரே மாதிரி போகிறது. இன்னொரு லாபம், முந்தைய சுற்றின் கடைசி ஸ்வரம் மங்கிக்கொண்டே சமத்துக்குள் வருவதும் பதிவாகிவிடும். ஒட்டு போட்ட இடமே காதுக்குத் தெரியாது.

காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெடல் ஏறக்குறைய 6 செ.மீ. உயரம். குதிகால் தரையில் இருந்தால் ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறது, அந்தத் தூக்கல் ஒருநாள் போல் ஒருநாள் இல்லை. பாட்டியின் பழைய மணையை எடுத்துக் குதிகாலுக்கு அடியில் போட்டேன். இப்போது வெறுங்கால், கட்டைவிரல் மட்டும் பெடலுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில். எட்டு அட்சரத்துக்கும் காற்றில் தட்டிக்கொண்டே இருக்கும், சமத்தில் மட்டும் ரப்பரைத் தொடும். வாய் "தகதிமி தகஜொணு" சொல்லிக்கொண்டிருக்கும். கை கிட்டாரில் மாட்டிக்கொண்டதால் தட்டும் வீச்சும் போட வழியில்லை, சொற்கட்டுதான் துணை. மொசைக் தரையில் பெடல் நழுவியது, அடியில் கால்மிதி போட்டதும் நின்றது.

நேற்று எடுத்த பத்து லூப்பில் ஏழில் பிழை 20 மில்லி செகண்டுக்குள். நல்லதாக விழுந்த அந்த ஒன்று 6.

இடையில் அடாப்டர் கதை ஒன்று. ரிச்சி தெருவில் ஒரு கடையில் மலிவாக 9 வோல்ட் அடாப்டர் வாங்கினேன். நடு முனை நெகட்டிவ்தானா என்று பார்த்துத்தான் வாங்கினேன், ஆனால் "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல். லூப்பரில் இது மற்ற பெடலைவிட மோசம், ஏனென்றால் மேலே மேலே அடுக்கும் ஒவ்வொரு பதிவிலும் அந்த இரைச்சலும் சேர்ந்து ஏறுகிறது. நாலாவது அடுக்கில் கிட்டாரே அமுங்கிவிட்டது. பெடலுக்கென்றே செய்த அடாப்டர் வாங்கிய பிறகுதான் நிம்மதி. அடுத்து வெளியே மாட்டும் தனி ஸ்விட்ச் ஒன்று வேண்டும். நிறுத்த இரண்டு முறை அழுத்துவது பாட்டின் முடிவைக் கெடுக்கிறது.

ஆனால் அதற்கு முன் எடுப்பு, அதாவது தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடம். இதில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சமத்திலேயே தொடங்கும் பகுதி வந்துவிட்டது. சமத்துக்கு அரை இடம் (அரை அட்சரம்) தள்ளி எடுக்கும் பகுதி என்றால், கை பேசாமல் இருக்கும்போது கால் மட்டும் சமத்தில் விழ வேண்டும். என் கால் கையோடு ஒட்டிக்கொண்டு அரை இடத்துக்கே ஓடிவிடுகிறது. அதீத எடுப்பில் இன்னும் கஷ்டம், பாட்டு முன்னாலேயே கிளம்பிவிடும், கால் காத்திருக்க வேண்டும். இப்போதைக்கு கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு வாயால் பாடி, கையால் தாளம் போட்டு, காலால் அழுத்திப் பழகுகிறேன். பத்துக்கு மூன்று வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நண்பன் மிருதங்கத்தோடு வருகிறான். அன்றைக்கு மெட்ரோனோமை எடுக்கப் போவதில்லை. அதற்குள் அந்த மூன்றை ஆறாகவாவது ஆக்கிவிட வேண்டும்.