காவிரியில் சிக்கிய மீன்: எடுப்பதா, விடுவதா?

தூண்டிலில் சிக்கிய மீனை என்ன செய்வது என்று கேட்டால், எங்கள் தருமபுரிப் பக்கத்தில் ‘குஞ்சாக இருந்தால் விடு, பெரியதாக இருந்தால் எடு’ என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். இதில் பாதிதான் சரி. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், என்ன மீன் சிக்கியது என்பதை முதலில் பார்த்துவிட்டு, அளவைக் கடைசியாகப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் இடம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் காவிரிக் காடுகளில் பெரும்பகுதி இன்று சரணாலயம். காவேரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் ஏற்கெனவே இருக்க, காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டுமன்றிப் பிடிப்பதும் வேட்டை என்பதற்குள் அடங்கும். ஆகவே அந்த எல்லைக்குள் ‘பிடித்தாலும் விட்டுவிடுகிறேனே’ என்ற சமாதானம் செல்லாது. ஆற்றின் மேற்பகுதியில், கர்நாடகத்தின் பீமேஸ்வரி முகாமில் பல்லாண்டுகள் நடந்துவந்த, பிடித்து விடும் தூண்டில் விளையாட்டும் இந்தச் சட்டத்தை முன்னிட்டே நிறுத்தப்பட்டது. அணைகளிலும் ஏரிகளிலும் நிலைமை வேறு. அங்கே மீன்பிடி உரிமை பெரும்பாலும் உரிமமாகவோ குத்தகையாகவோ ஒருவரிடம் இருக்கும். அவரைக் கேட்காமல் எடுத்த மீன் சிறியதானாலும் பெரியதானாலும் அவருடையதுதான்.

அடுத்து, என்ன மீன் என்பது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத திமில் மஹ்சீர், செம்மஞ்சள் துடுப்புகளும் தலைக்குப் பின்னால் எழும்பிய முதுகும் கொண்ட பெரிய மீன். 1946-இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிக்கப்பட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. அத்தனை பெரிய மீனுக்கு உரிய அறிவியல் பெயர் டோர் ரேமாதேவி என்று உறுதியானதே 2018-இல்தான். அதே ஆண்டில் அது மிக அருகிய இனமாக, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் பன்னாட்டுச் செம்பட்டியலிலும் ஏறியது. அணைகள், தோட்டா வெடிகள், மணல் அள்ளுதல் எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று என்னை மிகவும் பாதித்தது. மஹ்சீரைக் காப்பாற்றுவதாக எண்ணி, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர்க் குஞ்சுகளை நல்லெண்ணத்துடன் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். அவை பெருகின, திமில் மஹ்சீர் குறைந்தது. ஆற்றில் மீனை விடுவது எப்போதும் நல்ல காரியம் என்ற நம்பிக்கையை இதற்குப் பின்னும் நாம் வைத்திருக்க முடியாது.

இதே காரணத்தால், ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் அதைத் திரும்ப ஆற்றில் விடக் கூடாது என்கிறேன். வளர்ப்பதற்கே தடை உள்ள அந்த மீன் நம் கெண்டைகளின் குஞ்சுகளையும் முட்டைகளையும் விழுங்கும். ஜிலேபி மீனும் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டதே; அதை எவ்வளவு எடுத்தாலும் ஆற்றுக்கு நட்டமில்லை. நம்மூர்க் கெண்டையும் ஆராலும் அப்படியல்ல.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பெய்து, ஆனி, ஆடியில் ஒகேனக்கல்லில் புதுவெள்ளம் வரும்போது பல மீன்கள் சினையுடன் நீரை எதிர்த்து ஏறுகின்றன. கடலில் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை இருப்பதைப் போல, பொழுதுபோக்குக்காக ஆற்றில் தூண்டில் போடுகிறவர் தமக்குத் தாமே ஒரு தடைக்காலம் வைத்துக்கொண்டால் என்ன? பரிசலில் வலை வைத்துப் பிழைப்பவர்களை நான் இதில் சேர்க்கவில்லை. அவர்கள் அடுப்பு எரிவது அந்த மீனால். விடுமுறை நாளில் வந்து போகும் நாம் அவர்களுக்கு அறிவுரை சொல்வது முறையாகாது. ஆனால் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் யார் செய்தாலும் மன்னிக்க முடியாது. அவற்றை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றம் என்கிறது.

விடுவதாக முடிவு செய்த பிறகு, விடும் விதம்தான் மீன் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது. தென்பெண்ணைக் கரையில் ஓர் இளைஞர், முழங்கை நீளக் கெண்டை ஒன்றைக் காய்ந்த துண்டால் இறுகப் பற்றி, படம் எடுத்து முடியும் வரை தூக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். மீனை நல்ல மனத்தோடுதான் விட்டார். ஆனால் துண்டில் நான்கைந்து செதில்களும், வெயிலில் பளபளக்கும் கோழைப் படலமும் ஒட்டியிருந்தன. அந்தக் கோழைதான் மீனுக்குக் கவசம். அது உரிந்த இடத்தில் பூஞ்சை பற்றும். அவரிடம் சொன்னபோது அவர் உண்மையாகவே வருந்தினார், இதை யாரும் தமக்குச் சொன்னதில்லை என்றார். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, எதிர்முள்ளை, அதாவது நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளை, முன்பே நசுக்கிவிட்ட தூண்டிலைக் கழற்ற வேண்டும். பிறகு தலை நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி தாங்கிப் பிடித்திருந்தால், வாலை ஓங்கி அடித்து அது தானாகவே போகும். அது அடிக்கும் வரை கையை எடுக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நீர் சுட்டு, அதிலுள்ள உயிர்வளி குறைந்திருக்கும். அப்போது களைத்த மீன் விட்ட பின்னும் செத்து மிதந்துவிடுவதால், அந்த மாதத்தில் விடுவதற்கென்று பிடிப்பதையே தவிர்க்கலாம்.

தூண்டில் முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுவது நல்லது. செவுள் கிழிந்து இரத்தம் கொட்டினால், எடுக்க அனுமதியுள்ள இனமாக இருக்கும் பட்சத்தில், அதை ஆற்றில் தூக்கிப் போட்டுவிட்டு நல்லது செய்ததாக நினைப்பதைவிட உடனே கொன்று, வீட்டில் குழம்பு வைப்பதே நேர்மை. அன்றைக்கு எடுக்க நினைத்த கணக்கில் அதையும் சேர்த்துக்கொண்டு, கணக்கு நிறைந்திருந்தால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.