அந்த இடத்தை எதற்கு வைத்தீர்கள்?

"அப்போ அந்த எனி இடத்தை எதுக்கு வைச்சீங்க?" என்று கேட்டார், எங்கள் ஆர்டர் ஸ்கீமாவைப் பயன்படுத்தும் அணி ஒன்றைப் பார்த்துக்கொள்பவர். நான் சொன்ன பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அது அவர் கேட்ட கேள்விக்கான பதில்தானா என்பதில் மட்டும் தெளிவில்லை.

விஷயம் பார்க்கச் சின்னது. எங்கள் ஆர்டர்கள் எக்ஸ்எம்எல்லாகப் போகும். அதில் என்னென்ன எலிமென்ட் (பெயரிட்ட தகவல் பகுதி) எங்கே வரலாம் என்று சொல்லும் விதித் தொகுப்புதான் ஸ்கீமா. அதன்படி ஒவ்வொரு லைன் ஐட்டத்துக்குள்ளும், அதாவது ஒரு பொருளுக்கான வரிக்குள்ளும், 'அளவு' என்று ஓர் எலிமென்ட் உண்டு. அதில் வரும் எண் உதிரி எண்ணிக்கை. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான். பெட்டிக் கணக்கிலும் ஆர்டர் வரும் என்ற நிலை வந்தபோது, 'அலகு' என்று புதிதாக ஒரு எலிமென்ட் தேவைப்பட்டது. அது இல்லாவிட்டால் உதிரி, இருந்தால் அதில் சொன்னபடி. மூன்று அணிகள் அந்த எக்ஸ்எம்எல்லைப் பெறுகின்றன. அவற்றில் ஒன்றை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைவிட அனுபவம் கூடியவர்.

அவர் சொன்ன வழி எளிமையானது. ஒவ்வொரு லைன் ஐட்டத்தின் கடைசியிலும் ஏற்கெனவே ஒரு வைல்டுகார்டு இருக்கிறது, அவர் எனி என்றது அதைத்தான். வேறு நேம்ஸ்பேஸைச் சேர்ந்த (ஒரு பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் அடையாளம்தான் நேம்ஸ்பேஸ்) எந்த எலிமென்டும் அங்கே வரலாம், வேலிடேஷன் லாக்ஸ்: அறிவிப்பு தெரிந்தால் சரிபார்க்கும், தெரியாவிட்டால் விட்டுவிடும். அலகை ஒரு தனி நேம்ஸ்பேஸில் போட்டு அங்கே வைத்துவிட்டால் பழைய ஸ்கீமாவை யாரும் தொட வேண்டியதில்லை. ஸ்கீமாப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் வேலிடேட்டர் எல்லா இடத்திலும் பச்சை காட்டும். வேண்டியவர்கள் படிக்கட்டும், வேண்டாதவர்கள் தாண்டிப் போகட்டும்.

அந்த வைல்டுகார்டை வைத்ததே நான்தான். ஸ்கீமா எழுதும் மொழியான எக்ஸ்எஸ்டியின் 1.0 வெளிவந்த 2001இலிருந்தே இருக்கும் சிக்கல் அது: கட்டாயமில்லாத எலிமென்டுக்குப் பின்னால் அதே நேம்ஸ்பேஸுக்கு வைல்டுகார்டு வைத்தால், வந்திருப்பது எலிமென்டா வைல்டுகார்டா என்ற குழப்பத்துக்கு இடம் தருகிறது என்று ஸ்கீமாவே செல்லாமல் போகும். 2012இல் வந்த 1.1 இதைச் சரிசெய்தது. இரண்டுக்கும் பொருந்தினால் எலிமென்டுக்கே முதலிடம். ஆனால் டாட்நெட்டில் உள்ள வேலிடேட்டர், லிப்எக்ஸ்எம்எல்2 போன்றவை 1.0 உடனேயே நின்றுவிட்டதால் அந்த வசதியை நம்பிப் பொது ஸ்கீமா எழுத முடியாது. அதனால்தான் 'வேறு நேம்ஸ்பேஸ் மட்டும்' என்று கட்டுப்படுத்தி, யோசித்து யோசித்து அதை வைத்தேன். நாளைக்கு யாராவது எதையாவது சேர்க்க வந்தால் பழையது உடையக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆகவே அவர் கேட்டது குத்தல் இல்லை, முழுக்க நியாயமான கேள்வி.

"அந்த இடம் கூடுதல் தகவலுக்கு. இது கூடுதல் தகவல் இல்லை. ஏற்கெனவே இருக்கிற எண்ணோட அர்த்தத்தையே மாத்துது" என்றேன்.

அலகு கட்டாயமில்லாததாக இருக்கலாம், ஆனால் வந்துவிட்டால் அதைத் தாண்டிப் போக முடியாது. 12 பெட்டி என்று வந்ததை 12 உதிரி என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளிடம் பழுது ஒன்றும் தெரியாது. பிழைச் செய்தி வராது, வேலிடேஷனில் நிற்காது, பொருள் மட்டும் குறைவாகப் போய்ச் சேரும். 'இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மேலே போகாதே' என்று சொல்லும் வசதி எக்ஸ்எஸ்டியில் கிடையாது. சிஸ்டங்கள் செய்தி பரிமாறும் சோப் என்ற நெறிமுறை அதைச் செய்தது. ஹெடரில் மஸ்ட்அண்டர்ஸ்டாண்ட் என்று குறித்துவிட்டால், புரியாத சர்வர் ஃபால்ட் என்ற பிழைப் பதிலைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். நம்மிடம் அப்படி ஒன்று இல்லாதபோது மிச்சம் இருப்பது நேம்ஸ்பேஸ்தான். அதை மாற்றினால், பழைய ஸ்கீமாவை வைத்துக் கறாராகச் சரிபார்க்கும் வேலிடேட்டர் முதல் எலிமென்டிலேயே நின்றுவிடும்.

அவர் விடவில்லை. "எக்ஸ்எஸ்எல்டி இன்னைக்கும் 1999 நேம்ஸ்பேஸ்லதானே இருக்கு? 2.0 வந்துச்சு, 3.0 வந்துச்சு, மாத்தலையே" என்றார். உண்மைதான். ஆனால் எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் அந்த மொழியில், வெர்ஷன் ஆட்ரிபியூட்டில் (எலிமென்டோடு சேர்த்து எழுதும் குறிப்பு) தனக்குத் தெரிந்ததைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் பழைய பிராசசர் என்ன செய்ய வேண்டும் என்று 1.0 வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். நாங்கள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை. எங்கள் ஸ்கீமாவிலும் வெர்ஷன் உண்டு, ஸ்கீமா எலிமென்டின் ஆட்ரிபியூட்டாக. அதை எந்த வேலிடேட்டரும் பார்ப்பதில்லை. ஐஎஸ்ஓ 20022 பணப் பரிமாற்றச் செய்திகளில் வெர்ஷன் எண்ணே நேம்ஸ்பேஸுக்குள் இருப்பதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். முடிவு என் பக்கம் வந்தது, நேம்ஸ்பேஸ் மாறியது.

இதுவரை எனக்குச் சங்கடம் இல்லை. இதற்கு அப்புறம் நடந்ததுதான் மனதில் கிடக்கிறது.

சோதனைச் சூழலில் புதிய வெர்ஷனை அனுப்பிப் பார்த்தோம். இரண்டு அணிகளிடம் எதிர்பார்த்தபடி நின்றது: 'இந்த எலிமென்டின் அறிவிப்பு கிடைக்கவில்லை' என்ற அந்தப் பழகிய பிழை. மூன்றாவது அணியிடம் நிற்கவே இல்லை. எல்லா ஆர்டரும் வெற்றி. திறந்து பார்த்தால், அவர்கள் ஸ்கீமாவை வைத்துச் சரிபார்ப்பதே இல்லை. எக்ஸ்எம்எல்லுக்குள் தேடி எடுக்கும் எக்ஸ்பாத்தில், நேம்ஸ்பேஸைக் குறிக்கும் பிரிஃபிக்ஸ் தொல்லை வேண்டாம் என்று, பெயரை மட்டும் பார்க்கும் லோக்கல்-நேம் என்ற ஃபங்ஷனை எல்லா இடத்திலும் வைத்து எழுதியிருந்தார்கள். நேம்ஸ்பேஸ் எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. 'அளவு' என்ற பெயர் கிடைத்தது, எண்ணை எடுத்தது. 12 பெட்டி, 12 உதிரி.

எந்த ஆபத்தைச் சொல்லி நேம்ஸ்பேஸை மாற்றவைத்தேனோ அது, யாருக்கு வரும் என்று பயந்தேனோ அவர்களிடம், நேம்ஸ்பேஸ் மாறிய பிறகும் அப்படியே வந்தது. கறாராகச் சரிபார்த்த இரண்டு அணிகள்தான் கோடைத் திருத்தி, மறுபடி சோதித்து உழைத்தன. அதில் ஒன்று அவருடையது.

சரி, அவர் சொன்னபடி செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கறாராக இருந்த அணிகளிலும் லாக்ஸ் வைல்டுகார்டு அலகைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டிருக்கும். மூன்று இடங்களில் வரக்கூடிய தவறு ஒரு இடத்தில் மட்டும் வந்தது, அதுவும் சோதனையில் பிடிபட்டது. இப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள முடிகிறது. ஆனால் மூன்றாவது அணி பிடிபட்டதற்கு நேம்ஸ்பேஸ் காரணமில்லை. மற்ற இரண்டும் நின்றபோது இது மட்டும் ஏன் நிற்கவில்லை என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்ததுதான் காரணம். அப்படிப் பார்க்க வைத்ததே மற்ற இரண்டும் நின்றதுதானே என்றும் தோன்றுகிறது. இங்கே வந்து ஒவ்வொரு முறையும் சுற்றிக்கொள்கிறேன்.

இன்னொரு வழியும் இருந்தது. 'அளவு' என்ற பெயரையே விட்டுவிட்டு, பெட்டி ஆர்டருக்கு வேறொரு எலிமென்ட். பழைய ஸ்கீமாவில் அளவு கட்டாயம். ஆகவே சரிபார்ப்பவர்களிடம் நிற்கும். லோக்கல்-நேமில் தேடுபவர்களுக்கும் எதுவும் கிடைக்காது. உதிரி ஆர்டர்கள் யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருக்கும். யோசிக்க யோசிக்க இதுதான் நல்ல வழி என்று படுகிறது. ஆனால் கிடைக்காத எண்ணைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும் கோடு எங்காவது இருந்தால்? லோக்கல்-நேமைப் பார்த்த பிறகு, மறுமுனையில் இருப்பவர் எப்படிப் படிக்கிறார் என்பதை ஊகிக்கவே தயக்கமாக இருக்கிறது. எதைச் செய்தால் உடையும் என்று என்னால் ஸ்கீமாவைப் பார்த்துச் சொல்ல முடியும். எது உடையாமல் தப்பாக ஓடும் என்பது ஸ்கீமாவில் இல்லை.

புதிய வெர்ஷனிலும் அந்த வைல்டுகார்டை வைத்திருக்கிறேன். 'இங்கே வரும் எதுவும் ஏற்கெனவே உள்ள எலிமென்டின் அர்த்தத்தை மாற்றக் கூடாது' என்று டாக்குமென்டேஷனில் எழுதிச் சேர்த்தேன். அவர் ரிவ்யூவில் ஒப்புதல் கொடுத்துவிட்டு, "இதை எந்த வேலிடேட்டர் பார்க்கும்?" என்று கேட்டிருந்தார். ரிவ்யூவில் நாம்தான் பார்க்க வேண்டும் என்று பதில் எழுதினேன்.

இப்போது ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. டெலிவரி தேதி உறுதியானதா, உத்தேசமா என்று சொல்லும் ஓர் எலிமென்ட், அதே வைல்டுகார்டு இடத்தில். தேதி தேதிதான், இது கூடுதல் தகவல் என்கிறேன் நான். உத்தேசத் தேதியை நம்பி வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுக்கும் சிஸ்டம் ஒன்று இருக்கிறது, தேதியின் அர்த்தமே மாறுகிறது, நேம்ஸ்பேஸை மாற்றுங்கள் என்கிறார் அவர். இன்னும் முடிவாகவில்லை.