கேருபீனும் வெண்கலச் சர்ப்பமும்: ஒரு மெய்ப்புத் திருத்துநரின் குறிப்புகள்

ஒரு கிறிஸ்தவ மாத இதழில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கேள்வி-பதில் பக்கம் வந்தால் எழுத்துப்பிழையோடு வசன எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு ஓயாமல் வரும் கேள்வி இது: யாத்திராகமம் 20-ல் எந்தச் சொரூபமும் உண்டாக்கக் கூடாது என்ற கடவுள், 25-ல் பத்துக் கட்டளைக் கற்பலகைகளை வைக்கும் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னால் இரண்டு கேருபீன்களை, அதாவது சிறகுள்ள வானதூத உருவங்களை, செய்யச் சொல்கிறாரே, எப்படி? கிண்டலுக்குக் கேட்பவர்கள் உண்டு. தூக்கம் கெட்டுக் கேட்பவர்களும் உண்டு. கடிதத்தின் முதல் வரியிலேயே யார் எது என்று தெரிந்துவிடும்.

பதில் எழுதுகிற ஐயா வேதபாடம் நடத்தி ஓய்வுபெற்றவர். 'நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்' என்று கட்டளை தொடர்வதை முதலில் காட்டுவார். அப்புறம் கேருபீன்கள் இருந்த இடத்துக்கு வருவார். திரைக்கு உள்ளே, பிரதான ஆசாரியன் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை, தூபப் புகை கிருபாசனம் என்ற பெட்டியின் மூடியை மறைத்திருக்க நுழைகிற இடம். ஜனங்கள் பார்த்துக் கும்பிட அங்கே வழியே இல்லை.

நல்ல பதில்தான். ஆனால் சாலொமோன் கட்டிய ஆலயத்துக்கு வந்தால் இது போதாது. அங்கே வெண்கலக் கடல்தொட்டியைப் பன்னிரண்டு வெண்கல மாடுகள் தாங்கி நின்றன. திசைக்கு மூன்றாக முகம் திருப்பி, பின்புறம் உள்ளே இருக்கும்படி. திரையும் இல்லை, புகையும் இல்லை. அதை வேதம் எங்கும் பாவம் என்று சொல்லவில்லை. பிற்பாடு இஸ்ரவேலை ஆண்ட யெரொபெயாம் பெத்தேலிலும் தாணிலும் வைத்த பொன் கன்றுக்குட்டிகளோ பெரும் பாவமாகின்றன. இரண்டும் மாட்டினம்தான். இங்கே மாடு தண்ணீர்த் தொட்டியைச் சுமந்தது. அங்கே, 'எகிப்திலிருந்து உங்களை அழைத்துவந்த தெய்வங்கள் இவைதான்' என்று அரசனே கைகாட்டினான்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் ஈர்ப்பது வெண்கலச் சர்ப்பம். எண்ணாகமம் 21-ல் கடவுளே செய்யச் சொல்கிறார். பாம்பு கடித்தவன் அதை நோக்கிப் பார்த்துப் பிழைக்கிறான். 2 இராஜாக்கள் 18-ல் எசேக்கியா ராஜா அதே சர்ப்பத்தை உடைத்துப்போடுகிறான், அவன் செய்தது செம்மை என்று அதே அதிகாரம் மெச்சுகிறது. ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். வெண்கலம் மாறவில்லை, அதன் முன்னால் நடந்தது மாறிவிட்டது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. யோவான் 3-ல் தாம் உயர்த்தப்படப்போவதைச் சொல்ல இயேசு இந்தச் சர்ப்பத்தைத்தான் உவமையாக எடுக்கிறார். உடைத்தது சரி, உவமையும் சரி. ஒன்றை வைத்து மற்றதை அடிக்கப் பார்ப்பவர்கள் இரண்டையும் சேர்த்து வாசிப்பதில்லை.

பெட்டியின் கதையும் அப்படித்தான். 1 சாமுவேல் 4-ல் பெட்டி கூட வந்தால் ஜெயம் நிச்சயம் என்று போர்க்களத்துக்குத் தூக்கிப் போனார்கள். முப்பதாயிரம் காலாட்கள் விழுந்தார்கள், பெட்டியும் எதிரிகளான பெலிஸ்தர் கைக்குப் போனது. அடுத்த அதிகாரத்தில் அதே பெட்டியின் முன் அவர்கள் தெய்வமான தாகோனின் சிலை குப்புற விழுகிறது. சொந்த ஜனங்களுக்குத் தாயத்தாக இருக்க மறுத்த பொருள் எதிரியின் கோவிலில் அடங்கி இருக்கவில்லை.

சபைகளே இதில் ஒத்துப்போனதில்லை. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் திருவுருவங்களை அழித்தவர்கள் கட்டளையைக் காட்டினார்கள். காக்க நின்ற இறையியலாளர் தமஸ்கு யோவான் கேருபீன்களைக் காட்டினார். 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் திருவுருவத்துக்கு மரியாதை செலுத்தலாம், ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்று கோடு போட்டது. பதினாறாம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்களில் பலர் அந்தக் கோட்டை ஏற்கவில்லை.

எல்லா முடிச்சும் இப்படி அவிழாது. பெட்டிக்குள் இரண்டு கற்பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறது 1 இராஜாக்கள் 8:9. எபிரெயர் 9:4-ன்படி வனாந்தரத்தில் ஜனங்கள் உண்ட மன்னா வைத்த பொற்பாத்திரமும் ஆரோனின் கோலும் உள்ளே இருந்தன. யாத்திராகமமும் எண்ணாகமமும் அவற்றைச் சாட்சிக்கு, அதாவது அந்தக் கற்பலகைகளுக்கு, 'முன்பாக' வைத்ததாக மட்டும் சொல்கின்றன. ஒருமுறை ஐயா, 'அவை இடைப்பட்ட காலத்தில் தொலைந்துபோயின' என்று அடித்து எழுதியிருந்தார். ஓரத்தில் 'வசனம்?' என்று குறித்து அனுப்பினேன்.

தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, பெலிஸ்தர் எடுத்திருக்க மாட்டார்களா?"

"எடுத்திருக்கலாம் ஐயா. ஆனால் அப்படி எந்த வசனமும் இல்லையே."

சிரித்துவிட்டார். அந்த வரியை அடித்துவிட்டு இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே போடச் சொன்னார். அந்த மாதம் அப்படித்தான் அச்சானது.